பால் பைத்தான் பெட்டிக்கு அடிமண் ட்ரே செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: நான்கடி நீளம், இரண்டடி ஆழம், இரண்டடி உயரத்தில் பிளைவுட் பெட்டி. முன்னால் நகர்த்தும் கண்ணாடிக் கதவு. கதவுக்குக் கீழே 10 செ.மீ. உயர முன்பலகை. உள்ளே வளர்ந்த பால் பைத்தான் (ball python, பந்து போலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) ஒன்று. பயோஆக்டிவ் முறைக்கு, அதாவது செடிகளும், கழிவைத் தின்னும் ஐசோபாட், ஸ்பிரிங்டெயில் என்ற சிறு பூச்சிகளும் வாழும் ஈர மண்ணுக்கு மாற வேண்டும், ஆனால் ஈர மண்ணை நேரடியாகப் பிளைவுட்டில் கொட்ட முடியாது. என்ன ட்ரே, எப்படிச் செய்வது?

செய்முறைக்கு முன் ஒன்று. பலரும் ட்ரேயின் மூட்டுகள் ஒழுகுமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். ஒழுங்காக ஒட்டிய மூட்டு ஒழுகுவது அபூர்வம். பெட்டியை உளுத்துப்போக வைப்பது வேறு தண்ணீர்: தெளிக்கும்போதும் இரவில் குளிரும்போதும் பெட்டியின் சுவரில் படிந்து, வழிந்து, ட்ரேக்கும் பலகைக்கும் இடையிலுள்ள சந்தில் இறங்கும் தண்ணீர். வெளியிலிருந்து அது தெரியாது. தெரியும்போது அடிப்பலகை ஊறி உப்பியிருக்கும். அதனால் ட்ரேயை மண் கொள்ளும் பாத்திரமாக மட்டும் பார்க்காமல், பெட்டிக்குள் விழும் ஒவ்வொரு சொட்டும் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்துச் செய்யுங்கள். கீழே உள்ள அளவுகள் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை.

பொருளுக்கு என் தேர்வு 6 மி.மீ. பிவிசி ஃபோம் போர்டு. மாடுலர் கிச்சன் வேலைக்குப் பொருள் விற்கும் கடைகளில் எட்டுக்கு நாலு ஷீட்டாகக் கிடைக்கும். தண்ணீர் குடிக்காது, உளுக்காது, லேசாக இருக்கும். கண்ணாடி இன்னும் உறுதியானது, சிலிகான் அதில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் இந்த அளவில் வெறும் ட்ரேயே 18 கிலோ வரும். அக்ரிலிக்கைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் இரண்டு ஆட்சேபம். அதில் சிலிகான் நீண்டகாலம் பிடித்து நிற்காது, அதனால் அக்ரிலிக்குக்குரிய கரைப்பான் பசையால்தான் ஒட்ட வேண்டும். அடுத்தது, ஒளி புகும் சுவரில் மண்ணை ஒட்டிப் பாசி பிடிக்கும். மண்ணின் அடுக்குகள் வெளியே தெரிவது முதல் மாதம்தான் அழகு.

அறுக்கவும் ஒட்டவும் வசதியில்லை என்றால் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டோ, அசோலாத் தொட்டிக்கு விரிக்கும் கனமான தார்பாலினோ போதும். 1.6 மீட்டருக்கு 1 மீட்டர் துண்டை எடுத்து மூலைகளை வெட்டாமல் மடித்து, மேல் விளிம்பை மட்டும் சட்டம் வைத்து இறுக்குங்கள். விளிம்புக்குக் கீழே ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. பாசிக்கொல்லி மருந்து ஏற்றிய ஷீட் வேண்டாம்.

இப்போது அளவு. 18 மி.மீ. பிளைவுட்டில் செய்த 120 செ.மீ. பெட்டியின் உள் நீளம் 1164 மி.மீ. முன்பலகையின் உள்முகத்திலிருந்து பின்சுவர் வரை 560 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பெட்டியை மேலே, கீழே, நடுவே என்று மூன்று இடத்தில் அளந்து, வருவதில் சிறிய எண்ணை எடுங்கள். ட்ரேயின் வெளி அளவு 1154 × 550, உயரம் 180. பக்கத்துக்கு 5 மி.மீ. சந்து, பின்னால் 10 மி.மீ. சந்து. முன்புறம் ட்ரே முன்பலகையைத் தொட்டு நிற்க வேண்டும். உள்ளிருந்து மண் தள்ளும்போது அந்தப் பலகைதான் தாங்கும்.

வெட்ட வேண்டிய துண்டுகள்: அடி 1154 × 550 ஒன்று, முன்சுவரும் பின்சுவரும் 1154 × 174 இரண்டு, பக்கச்சுவர் 538 × 174 இரண்டு. சுவர்கள் அடிப்பலகையின் மேல் உட்காரும். பக்கச்சுவர்கள் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவே அடங்கும். நாலடிக்கு நாலடி அரை ஷீட்டிலேயே இத்தனையும் வந்துவிடும். மிஞ்சும் துண்டுகளை எறிய வேண்டாம், உள்மூலைப் பட்டைக்கு உதவும். கடையிலேயே டேபிள் ரம்பத்தில் அறுத்துத் தரச் சொல்லுங்கள். விளிம்பு கோணலாக இருந்தால் எந்தப் பசையும் காப்பாற்றாது.

இத்தனை பெரிய ட்ரே உள்ளே போகுமா? போகும். இரண்டு கண்ணாடிகளையும் மேல் தண்டவாளத்துக்குள் தூக்கிக் கழற்றிவிட்டு, ட்ரேயைப் படுக்கைவாட்டில் முன்பலகைக்கு மேலாக உள்ளே தள்ளி, பின்சுவரைத் தொட்டதும் இறக்க வேண்டும். பின்னால் விட்ட 10 மி.மீ. அதற்குத்தான். கதவுச் சட்டத்தில் நடுக்கால் உள்ள பெட்டியாக இருந்தால் இது நடக்காது. அப்போது இரண்டு ட்ரேயாகச் செய்து, நடுவிலுள்ள சந்தின் மேல் ஒரு பட்டை கவிழ்க்க வேண்டியதுதான்.

ஒட்டும் வேலைக்கு வருவோம். ஃபோம் போர்டின் மேற்பரப்பு பளபளப்பானது. பசை பிடிக்கும் இடமெல்லாம் 25 மி.மீ. அகலத்துக்கு 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஒட்டுவதற்குப் பிளம்பர்கள் பயன்படுத்தும் பிவிசி சொல்யூஷன். இரு பக்கமும் மெல்லிசாகப் பூசி உடனே சேர்த்து அழுத்தி, மாஸ்கிங் டேப்பால் கட்டுங்கள். அதிகம் பூசினால் ஃபோமின் நுண்ணறைகள் கரைந்து விளிம்பு குழிந்துவிடும். காய்வதற்குள் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். அடிப்பலகையின் இரண்டு மூலைவிட்டங்களும் 1278 மி.மீ. இருக்க வேண்டும். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் போனால் ட்ரே பெட்டிக்குள் கோணலாகச் சிக்கிக்கொள்ளும். திறந்தவெளியில் செய்யுங்கள், அந்த ஆவி தலைவலி தரும்.

திருகு போட வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். ஃபோம் போர்டின் விளிம்பில் திருகு பிடிப்பதில்லை, பிளந்துகொண்டு போகும். போதாததற்கு ஒவ்வொரு திருகும் ஒரு துளை. அதற்குப் பதில் உள்மூலைகள் அனைத்திலும் மிஞ்சிய போர்டிலிருந்து 20 மி.மீ. அகலப் பட்டை வெட்டி ஒட்டுங்கள். மூட்டின் வலு இரட்டிப்பாகும். ஒருநாள் காயவிட்டு, பட்டையின் விளிம்புகளிலும் மூலைகளிலும் மீன்தொட்டிக்கான சிலிகானை 8–10 மி.மீ. அகலத்துக்கு இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே மூச்சில் வழியுங்கள். பாத்ரூம் சிலிகானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது உள்ளே வரக் கூடாது. காய்ந்த சிலிகான் மேல் புதிய சிலிகான் ஒட்டாது என்பதால், பாதி வேலையை இன்றும் மீதியை நாளையும் செய்யாதீர்கள். ஏழு நாள் காயட்டும். புளிச்ச வாடை முழுக்கப் போன பிறகே அடுத்த வேலை. எபாக்ஸி புட்டி சரிப்படாது: போர்டு கொஞ்சம் வளைந்தாலும் அது விரிசல் விடும்.

முன்சுவரின் மேல்விளிம்பு மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. மற்ற மூன்று சுவர்களும் சற்றே பிதுங்கினால் பெட்டியின் சுவரில் சாய்ந்து நின்றுவிடும். முன்சுவருக்கோ கீழ் 10 செ.மீ.க்குத்தான் முன்பலகை துணை. மேலே 8 செ.மீ. சும்மா நிற்கிறது. வெறும் தண்ணீர் விளிம்பு வரை நின்றால் ஒரு மீட்டர் நீளச் சுவரைச் சுமார் 15 கிலோ விசை தள்ளும். ஈர மண்ணின் தள்ளல் ஏறத்தாழ அதில் பாதி. அதுவே 6 மி.மீ. போர்டை நடுவில் பிதுக்கப் போதும். பிதுங்கினால் கண்ணாடி உரசும், மணல் தண்டவாளத்துக்குள் போகும், கதவு கரகரக்கும். மேல்விளிம்பின் உள்புறத்தில் 20 மி.மீ. எல் வடிவ பிவிசி ஆங்கிளை முழு நீளத்துக்கும் ஒட்டினால் பிரச்சினை தீர்ந்தது.

ஒழுகல் சோதனையைச் சமதளத் தரையில் செய்தித்தாள் விரித்துச் செய்யுங்கள். 3 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப 18 லிட்டர் ஆகும். 24 மணி நேரம் விட்டு, மூட்டுகளின் வெளிப்புறத்தை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். தண்ணீரோடு தூக்காதீர்கள், அந்த முறுக்கலிலேயே மூட்டு விட்டுப்போகும். குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

ட்ரே காயும் நாட்களில் பெட்டியின் அடிப்பலகையையும் சுவர்களின் கீழ்ப்பகுதியையும் தண்ணீர் அடிப்படையிலான (வாட்டர்-பேஸ்டு) பாலியூரித்தேன் வார்னிஷால் இரண்டு கை பூசுங்கள். பிளைவுட் மூட்டுகளில் சிலிகான் இழுங்கள். ட்ரே உள்ளே போன பிறகு பின்னாலும் இரு பக்கமும் 30 × 30 மி.மீ. பிவிசி எல்-ஆங்கிளைத் தாழ்வாரம் போல வையுங்கள். ஒரு முகம் பெட்டியின் சுவரில் சிலிகானால் ஒட்டும், மறு முகம் ட்ரேயின் விளிம்பைத் தாண்டி உள்ளே நீளும். சுவரில் வழியும் தண்ணீர் இனி ட்ரேக்குள்தான் சொட்டும். ட்ரேயோடு அதை ஒட்ட வேண்டாம். என்றைக்காவது ட்ரேயை எடுக்க நேர்ந்தால் சுவரிலிருக்கும் சிலிகானைக் கத்தியால் கீறி ஆங்கிளைப் பெயர்த்துவிடலாம். ஐசோபாட்கள் சந்தில் இறங்கிச் சாவதும் இதனால் நிற்கும். முழு வேலையிலும் மலிவான துண்டு இது. பெட்டியின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. கூடவே, ட்ரேயை இறக்கும் முன் முன்பலகை ஓரமாக வெள்ளைத் தாள் கீற்று ஒன்றை அடியில் செருகி, நுனியை வெளியே நீட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை உருவிப் பார்த்தால் அடியில் ஈரமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எடையை மறக்க வேண்டாம். நிரம்பிய ட்ரே 85–90 கிலோ. இதில் பெட்டியின் எடை சேரவில்லை. அடிப்பலகைக்குக் கீழே 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். ரசமட்டம் வைத்து ஸ்டாண்டைச் சமன் செய்யுங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தண்ணீரெல்லாம் அந்த மூலையில் தேங்கி அங்கே மட்டும் அழுகும். மண்ணைப் பெட்டிக்குள்ளேயே நிரப்புங்கள், வெளியே நிரப்பித் தூக்குவது நடக்காத காரியம்.

முதல் அடுக்கு வடிகால். 8–16 மி.மீ. சுட்ட களிமண் உருண்டை, லெக்கா என்று கேட்டால் கிடைக்கும். 4 செ.மீ. உயரத்துக்கு 25 லிட்டர் வேண்டும். ஜல்லியும் வேலை செய்யும், ஆனால் இதே அளவு ஜல்லி 35 கிலோவைத் தாண்டும். இந்த அடுக்கு மேல்மண்ணை உலர்வாக வைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. நுண்மண்ணுக்குக் கீழே பெரிய உருண்டைகள் இருந்தால், மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறிய பிறகே நீர் கீழே சொட்டும். அதுவரை மண் அதைப் பஞ்சு போலப் பிடித்துக்கொண்டிருக்கும். மிகையாக ஊற்றியது தேங்க ஓர் இடம் கொடுப்பது மட்டுமே வடிகாலின் வேலை.

அந்த இடத்தைக் கண்காணிக்க 25 மி.மீ. பிவிசி குழாய் ஒன்று. 22 செ.மீ. நீளம், அடி 4 செ.மீ.யில் 3 மி.மீ. துளைகள், மேலே மூடி. பின்மூலையில் நிறுத்துங்கள். குச்சியை விட்டு எடுத்தால் நீர்மட்டம் தெரியும், மெல்லிய டியூபை விட்டால் உறிஞ்சி எடுக்கலாம். அடியில் துளையிட்டு வடிகுழாய் வைக்கும் முறையும் உண்டு. ட்ரேயையும் பெட்டியையும் சேர்த்துத் துளைக்க வேண்டியிருப்பதால் இந்த வகைப் பெட்டிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

லெக்காவின் மேல் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி, அல்லது ஃபைபர்கிளாஸ் கொசுவலை இரண்டு மடிப்பு. ஓரங்கள் 5 செ.மீ. சுவரில் ஏறி நிற்க வேண்டும். ஓரத்தில் சந்து விட்டால் மண் ஆறு மாதத்தில் லெக்காவுக்குள் இறங்கிவிடும். இரும்பு வலை துருப்பிடிக்கும். கனமான கல்லோ மரக்கட்டையோ வைப்பதாக இருந்தால் அது மண்ணில் உட்காரக் கூடாது. அடிப்பலகையில் நிற்கும் குழாய்த் துண்டுகள் மேல் உட்காரட்டும். பாம்பு அடியில் புகுந்து மண்ணைத் தள்ளினால் கல் சரிந்து அதை நசுக்கும்.

மண் 11 செ.மீ. கணக்குப்படி 68 லிட்டர், அமுங்குவதற்கும் சேர்த்து 85 லிட்டர் கலந்துகொள்ளுங்கள். கோகோபீட் 34, உரமிடாத மேல்மண் 25, கழுவிய ஆற்றுமணல் 13, ஆர்க்கிட் பட்டைச் சிறு துண்டு 9, கரித்துண்டு 4 லிட்டர். அட்லாண்டா தாவரவியல் பூங்காவின் பெயரால் வழங்கும் ஏபிஜி கலவை தவளைப் பெட்டிகளுக்குச் சிறப்பு. மேல்மண்ணே இல்லாத அந்தப் பொலபொலப்பான கலவையில் ஒன்றரை, இரண்டு கிலோ பாம்பு தினமும் ஊர்ந்தால் எல்லாம் அமுங்கித் தூளாகிவிடும், இங்கே மேல்மண்ணும் மணலும் வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கத்து கோகோபீட் உலகமெங்கும் போகிறது. வாங்கும்போது கழுவியதா என்று கேளுங்கள். கழுவாததில் உப்பு மிகுதி, செடியும் வாடும், பூச்சிகளும் பெருகாது. 650 கிராம் கட்டி ஊறினால் 8–9 லிட்டர் வரும், நான்கு கட்டி போதும். நர்சரியில் கலந்து விற்கும் தொட்டிமண்ணை மட்டும் வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் வேப்பம் புண்ணாக்கு இருக்கும். தோட்டத்துக்கு நல்லது, ஐசோபாட்களுக்கும் ஸ்பிரிங்டெயில்களுக்கும் ஆகாது. பூச்சிகள் ஏன் பெருகவில்லை என்று தேடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். பெர்லைட்டும் வேண்டாம், மிதந்து மேலே வந்துவிடும்.

கலவையின் ஈரத்தைக் கையால் பாருங்கள்: பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. மேலே 2 செ.மீ. சருகு. நாட்டுவாதுமை இலையும் பலா இலையும் சிறந்தவை. வேதிமருந்து அடிக்காத மரத்திலிருந்து எடுத்து, கொதிநீரில் போட்டுக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். அரளி, வேம்பு, யூகலிப்டஸ் கூடாது. சருகு அலங்காரத்துக்கு அல்ல, ஐசோபாட்களின் சாப்பாடே அதுதான். தீரத் தீரப் போட வேண்டும்.

இந்த அளவுக்கு ஐம்பது முதல் நூறு ஐசோபாட், ஸ்பிரிங்டெயில் இரண்டு மூன்று டப்பா. ஐசோபாட்டில் பவுடர் புளூ வகை வேகமாகப் பெருகும், அவ்வப்போது உலரும் மண்ணையும் தாங்கும். கடல்நுரை ஓடு ஒன்றைச் சுண்ணாம்புச் சத்துக்குப் போட்டுவையுங்கள். மணி பிளாண்ட், மருள் போன்ற முரட்டுச் செடிகளைப் பின்சுவர் ஓரமாக நடுங்கள். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் பாம்பில்லாமல் விட வேண்டும். இந்த நாட்களில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்படாதீர்கள், ஸ்பிரிங்டெயில்கள் தின்று தீர்க்கும். பாம்பு வந்த பிறகு இந்தப் பூச்சிகள் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பால் பைத்தானின் எச்சமும் வெள்ளை யூரேட் கட்டியும் (கெட்டியான சிறுநீர்) பெரியவை. கட்டியை அடியிலுள்ள மண்ணோடு அள்ளி எடுங்கள், சிந்திய மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோரும் தவறும் இடம். தினமும் மேலே தெளித்தால் மேற்பரப்பு நசநசவென்று இருக்கும், அடிமண் உலர்ந்து கிடக்கும். நமக்கு வேண்டியது நேர்மாறானது. ஈரத்தில் ஓயாமல் கிடக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதில்கள் சிவந்து புண்ணாகும். ஆகவே பின்மூலைகளில், செடிகளின் அடியில், வாரம் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். உங்கள் ஊரின் காற்றைப் பொறுத்துக் கூட்டிக் குறையுங்கள். மேல் அங்குலம் தொட்டால் உலர்ந்தும், விரலை விட்டால் குளிர்ந்தும் இருக்க வேண்டும். லெக்காவின் இடைவெளி அதன் கொள்ளளவில் பாதிக்கும் குறைவு என்பதால், அங்கே சேரும் ஒவ்வொரு லிட்டரும் நீர்மட்டத்தை மூன்றரை மி.மீ. உயர்த்தும். மிகையாக ஊற்றிய ஐந்தாறு லிட்டரிலேயே 2 செ.மீ. வந்துவிடும். அதைத் தாண்டினால் உறிஞ்சி எடுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அடியில் காற்றில்லாமல் போய்விட்டது என்று பொருள். நீரை எடுத்து, மண்ணைக் கிளறி, ஒரு வாரம் ஊற்றாமல் விடுங்கள். சிறு கொசு போன்ற ஈக்கள் பறப்பதும் அதிக ஈரத்தின் அடையாளம்தான்.

ஹீட் மேட் (சூடேற்றும் மின்விரிப்பு) ஏற்கெனவே அடியில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். 15 செ.மீ. ஈர அடுக்கு வெப்பத்தை மேலே விடாது. தெர்மோஸ்டாட்டின் உணரி மண்ணின் மேல் இருந்தால் அது மேட்டை அணைக்காமல் ஓடவிடும், மேட் ட்ரேயின் அடியில் கொதிக்கும். 60 டிகிரியை ஒட்டி ஃபோம் போர்டு இளகத் தொடங்கும். வெப்பம் மேலிருந்து, கம்பிக்கூண்டு போட்ட விளக்கிலிருந்தோ வெப்பப் பேனலிலிருந்தோ, தெர்மோஸ்டாட்டோடு வரட்டும். தரைமட்டம் 15 செ.மீ.க்கு மேல் உயர்ந்துவிட்டதால் பழைய அளவீடு செல்லாது. விளக்குக்கு நேர் கீழே 32 டிகிரியைத் தாண்டுகிறதா என்று பாம்பை விடும் முன் அளந்து பாருங்கள்.

இந்தியாவில் வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தையும் 2024-இல் வந்த விதிகளையும் ஒட்டி, மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நம் ஊர் மலைப்பாம்பை இதே பெட்டியில் வளர்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம், வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.